கையெழுத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாடுகளில் சுற்றுலாவுக்காக அரசும் தனியாரும் கைகோக்கும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. படத்தில் ஒரு பக்கம் அமைச்சர், மறுபக்கம் நிறுவனத் தலைவர், நடுவே ஒரு கோப்பு. முதலீடு இத்தனை கோடி, வேலைவாய்ப்பு இத்தனை ஆயிரம் என்று இரண்டு எண்களோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. திட்டம் பிழைப்பதும் படுப்பதும் அதற்குள் இருக்கும் பின்னிணைப்புகளில்தான். அதிலும் முக்கியம், அரசு தன் பங்காக எதை, எந்தத் தேதிக்குள் செய்து கொடுக்கும் என்ற பக்கம். பல ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் கடமைகள் நாற்பது பக்கம் ஓடும். அரசின் கடமைக்கு ‘தேவையான ஒத்துழைப்பை நல்கும்’ என்று ஒரே வரி. அந்த ஒரு வரியால் வரும் சங்கடங்களை விளக்கவே இக்கடிதம்.

முதலில் நிலம். முறையாகச் செய்தால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: அளந்து எல்லைக்கல் நடுவது, உரிமை ஆவணங்களைச் சரிபார்ப்பது, மேய்ச்சல், மீன்பிடி, வழிபாடு போன்ற வழக்காற்று உரிமைகளைப் பதிவு செய்வது, கரையிலிருந்தும் காட்டிலிருந்தும் எவ்வளவு தள்ளிக் கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம் என்று நிர்ணயிப்பது. ஒப்பந்தப்புள்ளி இதற்கெல்லாம் பிறகு. நடப்பதோ தலைகீழ். வரைபடத்தில் கோடு போட்டு ஏலம் விட்டுவிடுகிறார்கள். எடுத்த நிறுவனம் வேலி போடப் போகும் நாளில்தான் அந்த மணலில் தலைமுறை தலைமுறையாகப் படகு இழுத்துக் கட்டுபவர்கள் முன்னே வந்து நிற்கிறார்கள். வழக்கு, தடையாணை, இரண்டு வருடம் போச்சு. அதற்குள் வங்கி கடனை நிறுத்திவிடும். நஷ்டம் இருவருக்கும்தான், ஆனாலும் முதலில் அடிபடுவது படகு கட்டுபவர்.

குத்தகைக் காலத்திலும் கணக்கு உண்டு. ஒரு விடுதியில் போட்ட பணம் திரும்பப் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டு ஆகும். பத்து வருடக் குத்தகை கொடுத்தால் கடைசி நான்கு வருடம் யாரும் சுவருக்குச் சுண்ணாம்பு கூட அடிக்க மாட்டார்கள். 99 வருடம் கொடுத்தால் இரண்டு மூன்று தலைமுறைக்கு அரசின் கை கட்டப்பட்டுவிடும். 30 முதல் 35 ஆண்டு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து உயரும் வாடகை, கடைசி மூன்று ஆண்டில் கட்டடத்தின் நிலையைப் பரிசோதித்து ஒப்படைப்பது என்பதே எங்கள் பார்வையில் நியாயமான நடுவழி. கூடவே ஒரு பூட்டும் வேண்டும். நிலம் வில்லங்கமின்றிக் கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால், நிறுவனம் பிணையாகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், நிலமும் அரசிடம் திரும்ப வேண்டும். நிறுவனத்தின் பங்குகள் கைமாறினாலும் அரசின் ஒப்புதல் வேண்டும். இந்த இரண்டு விதியும் இல்லாத இடத்தில் குத்தகைப் பத்திரமே விற்பனைச் சரக்காகி விடுகிறது. விடுதி எழும்பாது, காகிதம் மட்டும் கை மாறி மாறி விலை ஏறும்.

அரசு முன்கூட்டியே இறங்கி வேலை செய்ததற்கு மெக்சிகோவின் கான்குன் நல்ல உதாரணம். மனித நடமாட்டம் குறைந்த அந்தக் கடற்கரையை அரசு நிறுவனமே தேர்ந்தெடுத்து, நிலத்தை ஒருங்கிணைத்து, அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியில் 1971-இல் கடன் வாங்கிச் சாலை, விமான நிலையம், குடிநீர், மின்சாரம் கொண்டுவந்தது. அப்போதும் தனியார் தயங்கினார்கள். முதல் சில விடுதிகளுக்கு அரசே பணம் போட்டுக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். வெற்றி பெரிது. ஆனால் அங்கேயும் ஒரு கணக்குத் தப்பியது. விடுதி வட்டாரத்தின் திட்டம் துல்லியமாக இருந்தது. கட்டவும் பரிமாறவும் துடைக்கவும் வந்த தொழிலாளர் குடும்பங்களோ திட்டமிட்ட வேகத்தை மீறிப் பெருகின. நகரின் ஓரத்தில் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் இல்லாத குடியிருப்புகள் முளைத்தன. ஒரு அறைக்கு விடுதிக்குள் ஒன்று முதல் ஒன்றரைப் பணியாளர், வெளியே கடை, வண்டி, காய்கறி என்று அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஆட்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்கள் குடும்பத்தையும் சேர்த்து வீட்டுமனை ஒதுக்காத எந்தச் சுற்றுலாத் திட்டமும் அரைத் திட்டம்தான்.

அடுத்தது கழிவுநீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கடற்கரையும் ஏரியும் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் ஒப்பந்தங்களில் இதற்கு ‘சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்படும்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

நூறு அறை விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுதாக நிரம்பினால் 200 விருந்தினர். சலவை, சமையலறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 லிட்டர் என்று குறைவாகவே வைத்தாலும் 60,000 லிட்டர். பணியாளர் 150 பேருக்கு ஆளுக்கு 45 லிட்டர் வீதம் ஏறக்குறைய 6,750. மொத்தத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் கழிவாக வெளியே வரும். ஆக நாளொன்றுக்குச் சுமார் 55,000 லிட்டர். 60,000 லிட்டர் கொள்ளளவில் ஒரு நிலையம் கட்டுவார்கள். காகிதத்தில் எல்லாம் சரி.

சீசன் முடிந்து ஐந்தில் ஒரு அறைதான் நிரம்பியிருக்கிறது என்றால் வரும் கழிவு 12,000 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள். இரை ஐந்தில் ஒரு பங்கானால் அவை பட்டினியில் மடியும். மறுபடி சீசன் தொடங்கும் முதல் இரண்டு மூன்று வாரம் நிலையம் பெயரளவுக்கு ஓடும். வந்த கழிவு கிட்டத்தட்ட அப்படியே வெளியே போகும். தீர்வு எளிது: ஒரே பெரிய தொட்டிக்குப் பதிலாக 30,000 லிட்டரில் இரண்டு தனி வரிசை. கூட்டம் குறைந்தால் ஒன்றை நிறுத்திவிடலாம். கட்டுமானச் செலவு சற்றுக் கூடும். அதனால்தான் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் கட்டுவதில்லை.

இன்னொரு கோளாறு கரண்ட் பில்லில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு மூச்சு வேண்டும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்க, காற்றடிக்கும் புளோயர் இரவும் பகலும் ஓட வேண்டும். சுத்திகரிப்புச் செலவில் பெரும்பகுதி இந்த புளோயர் தின்னும் மின்சாரம். ஆகவே இரவில் அணைத்துவிடுகிறார்கள். ஆய்வாளர் வருவது பகலில், அப்போது ஓடும். சில மணி நேரம் நின்றாலே சேறு அழுகி நாற்றமெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டும் தனி மின்மீட்டர் வைத்து, மாதாமாதம் அளவை அரசு அலுவலகத்துக்கு அனுப்பச் செய்தால் போதும். புளோயரின் குதிரைத்திறன் தெரியும், 24 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்பதும் தெரியும். பாதி யூனிட்தான் ஏறியிருந்தால் பாதி நேரம் அணைத்திருக்கிறார்கள். சமையலறைக் குழாயில் கொழுப்புத் தடுப்பு வைத்து வாரம் ஒரு முறை வழிக்காவிட்டால் எண்ணெய்ப்படலம் தொட்டியை மூடும்; சலவைப் பிரிவின் வெளுப்பான் நேரே கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். இந்த மூன்றையும் பின்னிணைப்பில் எழுத அரைப் பக்கம்கூடத் தேவைப்படாது.

எழுதினாலும் செய்யவைக்க ஆள் வேண்டும். பிலிப்பைன்ஸின் போரகாய் தீவில் சுற்றுலாத் துறையின் அரசு அமைப்பும் தனியார் குடிநீர் நிறுவனமும் சேர்ந்து 2009-இலேயே தண்ணீர், கழிவுநீர்க் குழாய்ப் பணிகளைத் தொடங்கிவிட்டன. குழாய் இருந்தது. ஆனால் எத்தனையோ கட்டடங்கள் அதில் இணைப்பு எடுக்கவில்லை. மழைநீர் வடிகால் வழியே கழிவு கடலுக்குப் போனது. கடைசியில் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவையே பயணிகளுக்கு மூட வேண்டியதாயிற்று. ஒழுங்காக இணைப்பு எடுத்திருந்தவருக்கும் அதே ஆறு மாத இழப்பு. திறந்தபோது ஒரே நேரத்தில் தீவில் தங்கக்கூடிய பயணிகள் 19,215 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த எண்ணை அறைகளுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் கணக்கிட்டிருக்க வேண்டும். கட்டிய பிறகு குறைப்பது என்றால் யாருடைய அறையைப் பூட்டுவது?

இனி பணம். ‘வருவாயில் பத்து சதவீதம் அரசுக்கு’ என்று செய்தியில் படித்தால், எந்த வருவாயில் என்று கேளுங்கள். விருந்தினர் வெளிநாட்டில் 100 கொடுக்கிறார். பதிவு செய்த முகவரோ இணையதளமோ 20 எடுத்துக்கொள்கிறது. விடுதியின் தாய் நிறுவனம் வேறொரு நாட்டில் நடத்தும் விற்பனை அலுவலகம் 15 வைத்துக்கொள்கிறது. விடுதியின் கணக்கில் வருவது 65. பத்து சதவீதம் இப்போது ஆறரை. ‘நிகர லாபத்தில்’ என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். விடுதியை நடத்தும் நிறுவனத்துக்கு மொத்த வருவாயில் 2 முதல் 4 சதவீதம் அடிப்படைக் கட்டணம், இயக்க லாபத்தில் 6 முதல் 10 சதவீதம் ஊக்கக் கட்டணம் என்பது தொழிலில் சாதாரணம். அதற்கு மேல் பெயருரிமைக் கட்டணம், தாய் நிறுவனம் கொடுத்த கடனுக்கு வட்டி எல்லாம் கழிந்தால் வருடா வருடம் நஷ்டக் கணக்கு காட்டலாம், சட்டப்படியே காட்டலாம். அதனால் பங்கு எப்போதும் மொத்த வருவாயில் இருக்க வேண்டும். உறவு நிறுவனம் வழியாக விற்றால் அந்த உறவு நிறுவனம் விற்ற விலையே அடிப்படையாக வேண்டும். அதற்குக் கீழே ஒரு குறைந்தபட்ச ஆண்டுத் தொகை நிற்க வேண்டும்.

சரிபார்க்கும் வழிகளும் உண்டு. அறைப்பதிவு மென்பொருளைத் தணிக்கையாளர் பார்க்க மட்டும் அனுமதி வாங்கி வைப்பது முதல் வழி. வெளிநாட்டவர் தங்கினால் குடிவரவுத் துறைக்கோ காவல்துறைக்கோ தகவல் தர வேண்டிய நாடுகளில் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது இரண்டாவது. மூன்றாவது, அனுபவமுள்ள தணிக்கையாளர் எப்போதும் செய்வது: சலவைக்குப் போன படுக்கை விரிப்புகளை எண்ணுவது. நாற்பது அறை நிரம்பியதாகச் சொன்ன நாளில் எழுபது அறைக்கான விரிப்பு வெளுத்திருந்தால் மேலே கேட்க வேண்டியதில்லை.

உள்ளூர் மக்களையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்தால் கண்காணிப்பு தானே வரும். நமீபியா 1996-இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் மக்கள் தங்கள் பகுதியைக் காப்புப் பகுதியாகப் பதிவு செய்து, வனவிலங்கின் பயனை அனுபவிக்கும் உரிமையைத் தாங்களே பெற வழி செய்தது. டொர்ரா என்ற பகுதியின் மக்கள் அதே ஆண்டு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து டமாராலாந்து என்ற சுற்றுலா முகாமைத் தொடங்கினார்கள். தங்குமிட வருவாயில் 10 சதவீதம் மக்களுக்கு என்று ஒப்பந்தம். மக்களின் பங்கு, பயணி தங்கும் ஒவ்வொரு இரவோடும் கட்டப்பட்டிருப்பதால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஊரே எண்ணிவிடும். ருவாண்டாவில் கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டின் விலையை 2017-இல் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக்கியபோது, பூங்கா வருவாயில் சுற்றியுள்ள ஊர்களுக்கான பங்கையும் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக்கினார்கள். விலை ஏற்றமும் ஊரின் பங்கும் ஒரே அறிவிப்பில் வந்தது சரியான செயல்.

விலை மாற்றத்தில் அரசுகள் செய்யும் தவறு அவசரம். வெளிநாட்டு முகவர்கள் தங்கள் விலைப்பட்டியலை ஒரு வருடம், ஒன்றரை வருடம் முன்பே அச்சிட்டு விற்றுவிடுகிறார்கள். மூன்று மாத அவகாசத்தில் கட்டணம் ஏறினால் அந்த வித்தியாசத்தை உள்ளூர் வழிகாட்டியும் சிறு விடுதிக்காரரும் கையிலிருந்து கட்ட வேண்டும். பூட்டான் 2022 செப்டம்பரில், வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் நாளொன்றுக்கான நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தை 65 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தி, ஒரே ஆண்டில் 100 டாலராகக் குறைத்தது. குறைந்த பயணிகள், நிறைந்த வருவாய் என்ற அவர்கள் கொள்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் எண் இப்படி ஏறி இறங்கினால் அடுத்த வருடத்துக்கு எந்தத் தொழில்முனைவோரும் திட்டம் போட முடியாது. பன்னிரண்டு மாத முன்னறிவிப்பு என்பதை அரசின் கடமைகளில் ஒன்றாக எழுத வேண்டும்.

வசூலித்த பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. ஜமைக்கா 2005-இல் விமானத்திலும் கப்பலிலும் வரும் பயணிகளிடம் சிறு கட்டணம் வாங்கிச் சுற்றுலா மேம்பாட்டு நிதியில் சேர்க்கத் தொடங்கியது. இலங்கையின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டமும் பதிவு பெற்ற நிறுவனங்களின் விற்றுமுதலில் ஒரு சதவீதத்தையும் விமான நிலையப் புறப்பாட்டு வரியில் ஒரு பங்கையும் சுற்றுலாவுக்கென்றே ஒதுக்கியது. இப்படிப்பட்ட நிதி பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டால் கழிப்பறைக்கும் குப்பை வண்டிக்கும் காசு இருக்காது. அதைத் தந்த தனியார் அடுத்த முறை தர மனமில்லாமல் போவார்கள்.

உள்ளூர்க் கொள்முதல் பற்றியும் சொல்ல வேண்டும். ‘காய்கறி உள்ளூரிலேயே வாங்க வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதுவது சுலபம். விடுதிக்கு வேண்டியது தினமும் ஒரே தரம், ஒரே நேரம், முறையான பில். பணம் கொடுப்பதோ 45 நாள், 60 நாள் கழித்து. விவசாயிக்கு வேண்டியது அன்று சாயங்காலமே காசு. இந்த இடைவெளியை நிரப்பாமல் எழுதும் விதி மூன்று மாதம்கூட நிற்காது. நடுவில் ஒரு கூட்டுறவோ மகளிர் குழுவோ சுழல்நிதி வைத்துக்கொண்டு விவசாயிக்கு உடனே கொடுத்து, விடுதியிடம் பிறகு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 கிலோ வாங்கும் விடுதி 60 நாள் கழித்துப் பணம் தந்தால், 12,000 கிலோவின் விலை அந்த நிதியில் எப்போதும் இருக்க வேண்டும். கேரளத்தின் குமரகத்தில் 2008-இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்கள் விளைவிக்க, விடுதிகள் வாங்க, விலையை இரு தரப்பும் உட்கார்ந்த குழு முடிவு செய்தது. பிடித்து நிறுத்தியது விலைக்குழு. அது கூடாவிட்டால் வரத்து குறையும் மாதத்தில் விவசாயி வெளியே விற்பார், வரத்து மிகுந்த மாதத்தில் விடுதி வெளியே வாங்கும்.

ஏலமில்லாமல் கொடுப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மாலத்தீவில் தீவுகளையும் கடலேரிகளையும் விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டதில் போட்டியில்லாமல் கொடுத்தவை பல என்றும், அரசுக்கு வரவேண்டிய கோடிக்கணக்கான டாலர் வேறு கணக்குகளுக்குப் போனது என்றும் அந்நாட்டுத் தணிக்கைத் துறையே 2016-இல் அறிக்கை கொடுத்தது. நிறுவனம் தானாகக் கொண்டுவரும் நல்ல யோசனைகளும் இருக்கும். அப்போதும் அதை வெளியிட்டு, மற்றவர் போட்டியிட 90 நாள் கொடுத்து, முதலில் கொண்டுவந்தவருக்குச் சிறு முன்னுரிமை கொடுத்தால் போதும்.

பேரிடருக்கும் ஒரு பக்கம் வேண்டும். 2019-இல் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 2020-இல் 40 கோடிச் சொச்சத்துக்கு விழுந்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்ட முடியாமல் நிறுவனங்கள் நின்றபோது, தள்ளுபடி செய்தால் ஊழல் என்பார்கள் என்று அதிகாரிகள் பயந்தார்கள். கறாராகக் கேட்டால் விடுதி மூடும், ஆட்கள் தெருவில் நிற்பார்கள். முன்பே எழுதியிருந்தால் இந்தத் தவிப்பு இல்லை. பயணிகள் வரவு முந்தைய மூன்றாண்டுச் சராசரியில் பாதிக்குக் கீழே போனால் குறைந்தபட்சத் தொகை நிற்கும், வருவாய்ப் பங்கு மட்டும் தொடரும், பணியாளரை வேலையில் வைத்திருந்தால் அந்த மாதங்கள் குத்தகையின் முடிவில் சேரும் என்று மூன்று வாக்கியம். கஜானாவிலிருந்து காசு போகாது.

இத்தனையும் எழுதி முடித்தபின் பார்த்துக்கொள்ள யார்? கையெழுத்து விழா முடிந்ததும் ஒப்பந்தத்தைத் தயாரித்த குழு கலைந்து, கோப்பு மாவட்ட அலுவலகத்தின் அலமாரிக்குப் போகிறது. ஒரு பொறியாளர், ஒரு கணக்காளர், ஒரு வழக்கறிஞர் என மூன்று பேர் போதும்; பத்து ஒப்பந்தங்களை அவர்கள் பார்த்துவிடலாம். அவர்கள் சம்பளத்துக்கு வாடகையில் ஒரு குறிப்பிட்ட பங்கை ஒப்பந்தத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சிக்கன நடவடிக்கையில் ரத்தாகும் பதவிகள் இவைதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு கையெழுத்துச் செய்தி வரும்போது, தங்கள் நிருபர் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: நிலம் வில்லங்கமின்றி எந்தத் தேதியில் ஒப்படைக்கப்படும், பங்கு எந்த வருவாயின் மீது, கழிவுநீர் நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் உண்டா, ஒப்பந்தத்தின் முழுப் பிரதி பொதுமக்கள் படிக்க எங்கே கிடைக்கும். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்